நில்லாத ஒளு

பதினோராம் அத்தியாயம்

மத்தியான ரயிலில் வருவதாகச் சொல்லி அனுப்பிய சம்பந்தி, காலை ரயிலிலேயே வந்து இறங்கிவிட்டாள்.

சுகரா பேகத்துக்கு எரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. முற்றத்தில் இன்னும் ஜமக்காளம் விரிக்கவில்லை. சமையல்காரன் அரிசியை ஊறப் போடவில்லை. மடி நிரப்ப வாங்கிவைத்த ஏழு வகைப் பழத்தில் மாதுளையைக் காணோம். ஆம்பூர் முழுவதும் ‘பெரிய வீடு’ என்று மரியாதையாகச் சொல்கிற வீட்டின் தலைவி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் அந்தக் கோலத்தில் நிற்கும்போது வாணியம்பாடி நசீமுன்னிசா பர்தாவை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“இன்னா சம்பந்தியம்மா, இன்னும் ஒரு வேலையும் ஆவலையா? நான் சீக்கிரம் வந்தது தப்பாப் போச்சோ?”

“பொண்ணு வூட்டுக்கு வர்றதுக்கு நேரம் காலம் இன்னா? வாங்க,” என்றாள் சுகரா, பல்லைக் கடித்துக்கொண்டு.

இந்த வீட்டைத் தொடர்ந்து பார்த்துவருகிறவர்களுக்குத் தெரியும். மகன் ரஷீதின் மனைவி வஹீதாவுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் ஏழாம் மாதத்தைப் பார்க்கவில்லை. ‘வயிறு தங்காதவள்’ என்ற பெயர் அவளுக்கு விழுந்துவிட்டது. போன வாரம் சுகராவின் அண்ணன் அப்துல் சமத் வந்தபோது, “இதுவும் தங்கலைன்னா சொல்லு. ரஷீதுக்கு எம்பொண்ணைக் குடுக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். சுகரா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் சுவரைத் தாண்டி வஹீதாவின் காதில் விழுந்தது.

இன்று சத்வாசா. ஏழாம் மாதத்தில் மருமகளைக் குளிப்பாட்டி, சிவப்புப் பட்டு உடுத்தி, மடியில் பழங்களை நிரப்பித் தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கிற விசேஷம். பெரிய வீட்டில் இந்தத் தலைமுறைக்கு முதல் சத்வாசா இதுதான். தோல் மண்டிக்காரர் வீடுகள் அத்தனைக்கும் அழைப்புப் போயிருந்தது.

“எம்பொண்ணு எங்க?” என்று கேட்டாள் நசீமுன்னிசா.

சுகராவின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது.

“தொழறா. வேற இன்னா செய்வா? இந்த மாதிரி ஒரு மருமக ஆம்பூர்லயே கெடையாது சம்பந்தியம்மா. நாளுக்கு நாள் பக்தி ஜாஸ்தியாவுது. ஒரு வேளைத் தொழுகைக்கு ஒருதரம் ஒளு செஞ்சா நமக்கெல்லாம் போதும். அவளுக்குப் போதறதில்ல. பாதியில எழுந்துபோய் மறுபடி முகம் கைகால் கழுவிட்டு வந்து நிக்கறா. அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், போய் எம்மருமகளைப் பாத்துக் கத்துக்குங்கன்னு.”

உள்ளே பித்தளைச் செம்பு தண்ணீர்த் தொட்டியில் மோதும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டது.

“கேளுங்க,” என்றாள் சுகரா பெருமையாக.

மகள் ஷஹீன் பானு சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் ஜாடையாகச் சொன்ன குறை அதுதான்.

“அம்மி, பக்தி ஜாஸ்தியானா பாபி ஏன் அழறாங்க?”

“தொழும்போது அழறது நல்லதுடி.”

“தொழும்போது இல்ல. ஒளு செய்யும்போது.”

சுகரா மகளை முறைத்தாள். பிறகு ஏனோ கால்கள் தாமாக உள்ளே நடந்தன.

தொழுகை அறைக்குப் பின்னாலிருந்த குளியல் மறைப்பில் வஹீதா ஒரு துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். மாமியாரைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தரையில் இன்னும் இரண்டு துணிகள் பிழிந்துவைத்திருந்தன.

“இன்னா இது?”

“ஒண்ணுமில்ல மாமி.”

“ஒண்ணுமில்லாததைத்தான் ஒளிச்சு வெக்கறியா?”

வஹீதா தலையைக் குனிந்துகொண்டாள். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. “ஒளு நிக்கல மாமி. கழுவிட்டு வந்து கை கட்டி நிக்கறதுக்குள்ள துணி நனைஞ்சு ஒளு முறிஞ்சுடுது. மறுபடி வந்து கழுவறேன். மறுபடியும்...”

“எத்தினி நாளா?”

“வெள்ளிக்கிழமைலேர்ந்து.”

வெள்ளிக்கிழமைதான் சுகரா பக்கத்து வீட்டுப் பெண்களிடம் மருமகளின் பக்தியைப் பற்றி முதல் தடவை பேசியது. அது நினைவுக்கு வந்ததும் அவளுக்குக் காது மடல் சூடேறியது.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“நீங்க எல்லார்கிட்டயும் அவ்வளவு பெருமையாச் சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?” வஹீதாவின் குரல் இறங்கியது. “அதோட... இதுவும் தங்கலைன்னு ஆயிட்டா...”

கையிலிருந்த துணியை மறுபடி பிழிந்தாள்.

சுகரா சட்டென்று குரலை உயர்த்தினாள். “ஒண்ணும் ஆவல. ஏழாம் மாசத்துல பாரம் கீழ அமுக்கும். மூத்திரம் கட்டுக்கு நிக்காது. எல்லாருக்கும் வர்றதுதான். நான் ரஷீதைச் சுமந்தப்ப எனக்கும் வந்தது. குளிச்சிட்டு வா. மருத்துவச்சி முனியம்மாவைக் கூப்பிட்டு எண்ணெய் போட்டு வயித்தை நீவச் சொல்றேன். சரியாய்டும்.”

“சரியாவுமான்னு டாக்டரம்மா வந்து சொல்லட்டும்,” என்றது பின்னாலிருந்து ஷஹீனின் குரல். “ஜட்கா வண்டி அனுப்பிட்டேன்.”

“யாரைக் கேட்டு அனுப்பினே?”

“உங்களைக் கேட்டா அனுப்பியிருக்க மாட்டீங்களே அம்மி.”

இன்றைக்கென்று எல்லாரும் சேர்ந்துகொண்டு தன்னைப் பேஜார் பண்ணுகிறார்கள் என்று சுகரா நினைத்தாள். மகளை ஓர் அறை அறையலாம் என்று கை துறுதுறுத்தது. பின்னாலேயே வந்து நின்ற சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்ததால் பொறுத்துக்கொண்டாள்.

டாக்டர் கமலம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். வெள்ளைச் சேலை, காலில் பூட்ஸ். செருப்பைக் கழற்றுகிற இடத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க அவளுக்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்தைச் சுகரா வீணாக்கவில்லை.

“இன்னிக்கு வூட்டுல விசேஷம் டாக்டரம்மா. நாளைக்கு வந்தீங்கன்னா நல்லாருக்கும்.”

“பனிக்குடம் விசேஷம் பாத்து ஒடையறதில்லீங்க,” என்றாள் கமலம், இரண்டாவது கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

அறைக்குள் போனதும் வஹீதாவின் வயிற்றின் மேல் ஒரு மரக்குழாயை வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டாள். தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்தாள். அதற்குள் சிவப்பாக, நீளவாட்டில் கிழித்த காகிதத் துண்டுகள்.

சுகராவுக்கு அந்தக் காகிதத்தைத் தெரியும்.

“இது எங்க தோல்ஷாப்புல வெக்கறதாச்சே! தோலுல சுண்ணாம்பு போச்சா இல்லையான்னு பாக்கறதுக்கு எம்புள்ள மெட்ராஸ்லேர்ந்து வாங்கியாந்தான். எம்மருமக இன்னா ஆட்டுத்தோலா, தொட்டியிலேர்ந்து எடுத்து ஒட்டிப் பாக்கறதுக்கு?”

எத்தனையோ நாளைக்குப் பிறகு வஹீதா களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த சிரிப்பு முடிவதற்குள் அவள் முகம் மாறியது. இரண்டு கைகளாலும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமி...”

சிரிப்பில் வயிறு குலுங்கியதில், கசிந்துகொண்டிருந்தது பெருகிவிட்டது. விரிப்பு நனைந்தது.

கமலம் பதற்றப்படவில்லை. காகிதத்தை நனைந்த இடத்தில் வைத்தாள். “மூத்திரமா இருந்தா சிவப்பு சிவப்பாவே இருக்கும்,” என்றாள். சுகராவும் நசீமுன்னிசாவும் ஷஹீனும் குனிந்து பார்த்தார்கள். காகிதத்தின் ஓரம் மெல்லக் கறுத்தது போலிருந்தது. பிறகு நீலம் படர்ந்தது.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை வாசனை வந்தது. ரஷீத் அஹமது தோல்ஷாப்பிலிருந்து ஓடிவந்து நின்றிருக்கிறான். பெண்கள் இருக்கிற அறைக்குள் அவன் வர முடியாது.

“அம்மி, காகிதம் இன்னா நெறம்?”

சுகரா நினைத்திருந்தால் ஏதாவது சொல்லி மகனை அனுப்பியிருக்கலாம். ஆனால் தோல்ஷாப் வீட்டில் பிறந்து தோல்ஷாப் வீட்டில் வாழ்க்கைப்பட்ட அவளுக்கு நிறத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“நீலம்,” என்றாள்.

திரைக்கு அப்பால் ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது.

கமலம் கட்டிலோரம் உட்கார்ந்தாள். “குழந்தை தண்ணிக்குள்ளதான் இருக்கு. அந்தத் தண்ணியைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு. அதைத்தான் பனிக்குடம்னு சொல்றோம். பிரசவ வலி நல்லா எடுத்த அப்புறம் அது ஒடையணும். இவங்களுக்கு இப்பவே கிழிஞ்சு கசியுது. குழந்தை உயிரோட இருக்கு, துடிப்பு நல்லா கேக்குது. ஆனா கதவு தொறந்துபோச்சு. இனிமே வலி சீக்கிரம் வரலாம். இல்லன்னா அந்த வழியா விஷம் உள்ள ஏறிக் காய்ச்சல் வரலாம். காய்ச்சல் வந்துட்டா அப்புறம் காத்திருக்க முடியாது. குழந்தைக்கு வயசு பத்தாதுன்னு பாத்தா, தாய் போய்டுவாங்க.”

நசீமுன்னிசா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“காய்ச்சல் வராம, அசையாம படுத்திருந்தாங்கன்னா, உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் குழந்தைக்கு லாபம். எண்ணெய் போட்டு நீவக்கூடாது. தண்ணியில உக்கார வெச்சுக் குளிப்பாட்டக் கூடாது. யாரும் உள்ள கை வெச்சுப் பாக்கக்கூடாது. நானும் பாக்க மாட்டேன்.” பிறகு வஹீதாவைப் பார்த்துக் கேட்டாள். “முன்ன ரெண்டு தடவை எப்படிம்மா ஆச்சு?”

“அப்பவும் தண்ணிதான் மொதல்ல போச்சு. வலி அப்புறம்தான் வந்தது.”

“அப்ப வயிறு தங்கலைன்னு சொன்னது யாரு?”

யார் சொன்னது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் சுகராவின் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் திரும்பாததே அவளுக்குச் சுட்டது.

“வயிறு நல்லாத்தான் தங்கியிருக்கு,” என்றாள் கமலம். “சவ்வுதான் தாங்கல.”

தங்கல, தாங்கல. நடுவில் ஒரு துணைக்கால். அந்த ஒரு காலை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வந்த ஒருத்தி, தான் இத்தனை வருஷமாக ஊரில் சொல்லிவந்ததைத் தட்டிவிட்டாளே என்று சுகராவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

“ஏன் தாங்கல? அதைச் சொல்லுங்க.”

“அது எனக்குத் தெரியாதும்மா. நிச்சயமாத் தெரிஞ்சவங்க யாரும் இருக்கறதாவும் தெரியல. இவங்க செஞ்ச தப்பு ஒண்ணுமில்ல, அது மட்டும் தெரியும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து படுக்க வெய்ங்க.”

இங்கேதான் சண்டை வெடித்தது.

“ஆஸ்பத்திரியாவது ஒண்ணாவது! எம்பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன்,” என்று நசீமுன்னிசா கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். “வாணியம்பாடி இன்னா சீமையிலயா இருக்குது? ரயிலேறினா வூடு.”

“ரயில் குலுக்கலுக்கு இவங்களால முடியாது,” என்றாள் கமலம்.

“அவ எங்கயும் போவல,” என்று சுகரா மறுபக்கத்தைப் பிடித்தாள். “இந்த வூட்டுப் பொம்பளைங்க ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்தது கெடையாது. எங்க மாமியார் படுக்கல. நான் படுக்கல. இங்கயே படுக்கட்டும். நீங்க தெனம் வந்து பாத்துட்டுப் போங்க. வண்டி அனுப்பறேன்.”

“வாசல்ல எத்தினி வண்டி நிக்குது பாருங்க. இத்தினி பேர் வந்துபோற வூட்டுல அவிச்ச துணி யார் குடுப்பாங்க? காய்ச்சலை யார் பாத்துக்கிட்டே இருப்பாங்க?”

வெளியே உண்மையாகவே வண்டிகள் வந்து நிற்க ஆரம்பித்திருந்தன. வளையல் சத்தமும் அத்தர் வாசனையும் முற்றத்தை நிறைத்தன. யாரோ டோலக்கைத் தட்டிப் பார்த்தார்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு சம்பந்திகள் நிற்க, நடுவில் வஹீதா கண்ணை மூடிக்கொண்டு நனைந்துகொண்டிருந்தாள்.

“விடுங்க சம்பந்தியம்மா!”

“நீங்க விடுங்க!”

நசீமுன்னிசாவுக்குப் பொறுமை போய்விட்டது. “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? உங்க அண்ணன் பொண்ணுக்கு எடம் காலியாவணும். அதுக்குத்தானே இவளை ஆஸ்பத்திரிக்கும் விடாம, எங்கூடயும் விடாம புடிச்சு வெச்சிருக்கீங்க?”

சுகரா பேகத்தை அவள் கணவர்கூட உயிரோடு இருந்தவரை இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன வாரம் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டிய ‘முடியாது’ என்ற ஒரே வார்த்தை, சொல்லாமல் விட்டதால் இன்று இத்தனை பேர் முன்னால் அவள் மேலேயே திரும்பிவிட்டது. கோபம் யார் மேல் என்றே அவளுக்குத் தெரியவில்லை. சம்பந்தி மேலா, டாக்டர் மேலா, வாயாடி மகள் மேலா, சொல்லாமல் மறைத்தவள் மேலா?

கட்டிலிலிருந்து கையை எடுத்தாள்.

“ரஷீத்!”

“அம்மி?”

“தோல்ஷாப்புலேர்ந்து பெருமாளையும் முனிரத்தினத்தையும் இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வா. வண்டி வேணாம், குலுக்கும். கட்டிலோட தூக்கிட்டுப் போவட்டும்.”

பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு முற்றத்துக்குப் போனாள். முதுகு வளையாமல் நின்று, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“எம்மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். குழந்தை நல்லா இருக்குது, பனிக்குடம் கசியுது. மடி அங்க வெச்சு நெரப்பறேன். சாப்பாடு ஆவுது. ஒருத்தரும் சாப்பிடாமப் போவக்கூடாது.”

ஆஸ்பத்திரி என்ற சொல்லும், அதைவிடப் பனிக்குடம் என்ற சொல்லும், பெரிய வீட்டு முற்றத்தில் அதற்குமுன் உரக்கச் சொல்லப்பட்டதில்லை. டோலக் தட்டியவள் கையை எடுத்துவிட்டாள்.

கட்டில் வாசலுக்கு வந்தபோது, யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று சுகராவின் கண்ணில் பட்டது. வஹீதாவின் முகம் ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று நசீமுன்னிசா ஒரு வெள்ளைத் துப்பட்டியைத் தலைமுதல் கால்வரை போர்த்தியிருந்தாள். நாலு ஆட்கள் கட்டிலைத் தோளுக்கு ஏற்றினார்கள்.

“எறக்குங்கடா!” என்று சுகரா அலறினாள்.

வெள்ளை போர்த்திய கட்டிலை நாலு பேர் தோளில் சுமந்து தெருவில் போனால் அதற்கு ஒரே ஒரு பெயர்தான். ஜனாஸா, சவ ஊர்வலம். அதைப் பார்த்ததும் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். கபர்ஸ்தான் வரை கூடவே நடந்து வருவார்கள்.

“தோள்ல ஏத்தாதீங்க. கையில புடிங்க, இடுப்பு ஒசரத்துல. ஷஹீன், அந்த வெள்ளையை எடுத்துப் போடு. சத்வாசாப் பட்டைக் கொண்டா!”

சிவப்புப் பட்டைத் தன் கையாலேயே விரித்துப் போர்த்தினாள். வஹீதாவின் கையைப் பட்டுக்கு வெளியே இழுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். பர்தாவை இறக்கிவிட்டுக்கொண்டு கட்டிலோடு நடந்தாள். வளையல் போட்ட அந்தக் கை அவ்வப்போது அசைவதைத் தெரு முழுக்கப் பார்த்தது. ஒரு கடைக்காரரும் எழுந்து நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தனி அறை கிடைத்தது. கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். கமலம் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை வஹீதாவின் நாக்குக்குக் கீழே வைத்து எடுத்தாள். “இல்ல. நல்லது,” என்றாள். “உடம்பு சுட்டாலோ, குளிருதுன்னு சொன்னாலோ உடனே என்னைக் கூப்பிடணும். யோசிச்சிட்டு உக்காரக்கூடாது.” போகும்போது இதை இரண்டாவது தடவையும் சொன்னாள்.

நசீமுன்னிசா வராந்தாவில் மகளுக்காகத் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். ரஷீத் வெளியே மரத்தடியில் நின்றான். சுகரா பழக்கூடையைப் பிரித்து ஒவ்வொரு பழமாக மருமகளின் பக்கத்தில் வைத்தாள். மாதுளை இல்லாமலே மடி நிறைந்தது.

வெயில் இறங்கியது. தூரத்தில் மாலைத் தொழுகையான மக்ரிபுக்குப் பாங்கு கேட்டது. வஹீதா முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

“மாமி, ஒளு...”

“படு.”

“வேளை போய்டும் மாமி.”

“போவாது. நிக்காத ஒளுவுக்கு நம்ம மார்க்கத்துல வழி இருக்குது. ஒரு வேளைக்கு ஒரு ஒளு. அதுக்கப்புறம் எவ்வளவு நனைஞ்சாலும் அந்த வேளைக்குச் செல்லும். படுத்துக்கிட்டே தொழலாம், கண்ணாலேயே.” சுகராவின் குரல் உடைந்தும் உடையாமலும் வந்தது. “என்னைக் கேட்டிருந்தா வெள்ளிக்கிழமையே சொல்லியிருப்பேனே!”

“கேட்டிருந்தா, ஏன் நிக்கலன்னு நீங்க கேட்டிருப்பீங்க.”

சுகரா நழுவியிருந்த பட்டை இழுத்து அவள் காலை மூடினாள்.

“மாமி, இதுவும் போய்ட்டா?”

“போனா அது போவட்டும். நீ பெரிய வூட்டு மருமக. அந்த எடத்துல வேற ஒருத்தி வரமாட்டா. எங்க அண்ணனுக்கு நாளைக்கே சொல்லி அனுப்பறேன்.”

வஹீதா கண்ணோரத்தில் வழிந்ததைப் பட்டில் துடைத்துக்கொண்டாள்.

சுகரா ஒரு பேசினில் தண்ணீர் எடுத்துவந்தாள். மாமியார் மருமகளுக்கு ஒளு செய்துவிடுவது அந்த வீட்டில் நடந்திராத காரியம். முதலில் கைகளைக் கழுவினாள். வாய் கொப்பளிக்கச் செய்தாள். முகத்தைத் துடைத்தாள். முழங்கைவரை நீரை வழித்துவிட்டபோது கை கொஞ்சம் சூடாகத் தெரிந்தது. தண்ணீரின் குளிர்ச்சிக்கு அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஈரக்கையால் தலையைத் தடவிப் பிடரிக்குக் கொண்டுபோனாள்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

மறுகையால் தன் பிடரியைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி மருமகளின் பிடரியைத் தொட்டாள்.

“கால் மட்டும் பாக்கி மாமி,” என்று வஹீதா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். “சீக்கிரம் கழுவிடுங்க. குளிருது.”

பேசின் கவிழ்ந்து தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. வீட்டுக்கு வெளியே வாழ்நாள் முழுக்கக் குரலை உயர்த்தாத சுகரா பேகம், முக்காடு நழுவியது தெரியாமல் வராந்தாவில் ஓடினாள். வாசலில் நின்ற ஆட்களும் மரத்தடியில் நின்ற மகனும் திரும்பிப் பார்க்க, ஆஸ்பத்திரி முழுவதும் கேட்கும்படி கத்தினாள்.

“டாக்டரம்மா!”